பின் சீட்ல இருக்கறவங்களுக்கு பெல்ட் வேணாமா?

எல்லாருக்கும் வணக்கம். முன் சீட்ல ஏறினதும் பெல்ட் மாட்டுறது இப்ப பலருக்குப் பழகிடுச்சு, மாட்டலைன்னா வண்டி கத்திக்கிட்டே இருக்கும்ல. அதனால இன்னைக்கு நான் பின்னாடி உட்கார்றவங்களப் பத்திதான் பேசப்போறேன்.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா உள்ள இருக்கற நீங்களும் அதே 50லதான் போறீங்க, சும்மா உட்கார்ந்திருக்கற மாதிரி தோணும் அவ்ளோதான். வண்டி மோதி நின்னாலும் உங்க உடம்பு அதுபாட்டுக்கு போய்ட்டே இருக்கும், எது குறுக்க வருதோ அதுல போய் அடிக்கும். செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர், மூணு மாடி உயரத்துல இருந்து விழுந்தா தரையைத் தொடும்போது இருக்கற வேகம். முன் சீட்டைப் புடிச்சு சமாளிச்சுக்குவேன்னு சொல்றவங்க அதைக் கொஞ்சம் யோசிங்க.

பின் சீட்ல இருக்கறவருக்கு குறுக்க என்ன வரும்? முன் சீட்டும் அதுல இருக்கற ஆளும்தான். அவர் பாவம் ஒழுங்கா பெல்ட் போட்டிருப்பாரு, பின்னாடி இருந்து எழுபது கிலோ முதுகுல வந்து மோதும்.

இப்ப நாம போடுற மூணு முனை பெல்ட்டை 1959ல வால்வோ கம்பெனிக்காக வடிவமைச்சவர் நில்ஸ் போலின், அதுக்கு முன்னாடி போர் விமானத்துல பைலட்டை சீட்டோட வெளிய தள்ளி காப்பாத்துற ஏற்பாட்டுல வேலை பார்த்தவரு. மத்த கம்பெனிகளும் பயன்படுத்திக்கட்டும்னு வால்வோ அந்த பேட்டன்ட்டை திறந்து விட்டுடுச்சு, நல்ல மனசு. 1970லயே ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் பெல்ட் கட்டாயம்னு சட்டம் போட்டுடுச்சு.

அந்த பெல்ட் அடியை எலும்பு மேல வாங்க வைக்குது, அதான் சூட்சுமம். கீழ் பட்டை இடுப்பெலும்பு மேல தாழ்வா இருக்கணும், மேல் பட்டை தோள் நடுவுல இறங்கி நெஞ்செலும்பு வழியா வரணும். வயித்து மேல ஏறிப்போச்சுன்னா குடலும் கல்லீரலும்தான் அடி வாங்கும். கர்ப்பமா இருக்கறவங்களும் போடணும், கீழ் பட்டை வயித்துக்கு அடியில போகணும். கழுத்துல உரசுதுன்னு மேல் பட்டையை அக்குளுக்கு அடியில விடுறாங்க பாருங்க, அதுக்கு விலா எலும்புதான் பதில் சொல்லும். சீட்டை சாய்ச்சுப் போட்டு படுத்தா உடம்பு பெல்ட்டுக்கு அடியில வழுக்கிட்டுப் போயிடும்.

மடியில குழந்தையை வெச்சுக்கறது பாசம்தான், ஆனா மோதுற நேரத்துல பத்து கிலோ குழந்தையை எந்தக் கையாலயும் புடிச்சு வெக்க முடியாது. ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டா இன்னும் மோசம், நம்ம எடை முழுசும் குழந்தை மேலதான் வந்து நசுக்கும். அதுக்கு தனி சைல்டு சீட்தான்.

ஏர்பேக் இருக்கே சார்னு ஒருத்தர் கேப்பாரு. அது பெல்ட்டுக்கு துணைக்கு வெச்சது, கண் இமைக்கறதுக்குள்ள வெடிச்சு விரியும், பெல்ட் இல்லாம முன்னாடி சரிஞ்சு போய் அதுமேல விழுந்தா அதுவே அடிச்சிடும். சத்தம் வரக்கூடாதுன்னு வெறும் கிளிப்பை மட்டும் வாங்கி பக்கிள்ல சொருகி வெக்கறாங்களே, அந்த மூளையை நான் என்ன சொல்ல!

கூட்டம் முடிஞ்சு வண்டிக்குப் போனதும் பின் கதவைத் திறந்து பக்கிள் எங்க இருக்குன்னு பாருங்க. சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடந்தா இழுத்து வெளிய விடுங்க, நடு சீட்டுக்கும் ஒண்ணு இருந்தா அதையும். நன்றி.