அட்வான்ஸ் கட்டும் முன்

(தென்காசி மாவட்டக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களிடையே முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

பரீட்சை முடிந்ததும் உங்களில் பாதிப் பேராவது ராத்திரி பஸ் ஏறி, விடியும் முன் சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவீர்கள். 2009இல் நான் இறங்கியது கோயம்பேட்டில். வேலை தேடுவது பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் எனக்கு வேலை பதினெட்டு நாளில் கிடைத்துவிட்டது. நான் அடிபட்டது வீட்டு அட்வான்ஸில்.

குரோம்பேட்டையில் ஒரு மாடி அறை. வாடகை 3,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் 30,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்பா பணம் அனுப்பினார். இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்தபோது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ஆறு மாதம் இழுத்து மூன்று தவணையாகக் கொடுத்தார் வீட்டுக்காரர். கடைசித் தவணை கைக்கு வருவதற்குள் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் கவனமாகக் கேளுங்கள்: இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுவும் செல்லும். பத்து மாதம் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த மூன்று மாத வரம்பு உங்களுக்கு உதவாது. அதனால் பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். 6,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாதம் என்றால் 60,000. மூன்று மாதம் என்றால் 18,000. நம் வீடுகளில் இந்த வித்தியாசம் ஒரு நகை. கரண்டுக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

என் யோசனை, முதல் மூன்று மாதம் வீடே பிடிக்காதீர்கள். தனி ஆட்களுக்கு அறை வாடகைக்கு விடும் திருவல்லிக்கேணி மேன்ஷனோ, நம் ஊர்ப் பையன்களோடு ஷேரிங் ரூமோ போதும். வேலை எங்கே என்று தெரியாமல் வீடு பிடித்தால் சம்பளத்தைப் பயணம் தின்றுவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்றால், கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்த ஸ்டாப்புக்கு நடந்து போகிற தூரத்தில் ரூம் பாருங்கள். அம்பத்தூர் என்றால் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ரயில் தடத்தை ஒட்டியே தேடுங்கள். சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு மிகவும் குறைவு.

தங்கைகளே, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வேலைக்கு எடுக்கும் கம்பெனி அங்கே இடம் தருமா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை விஷயத்தில் இரண்டே வார்த்தை. வேலைக்கு முன்பணம் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அரசின் தனியார்துறை வேலை இணையத்தில் பதிவு செய்யக் காசே கிடையாது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை யாரிடமும் விட்டு வராதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. சில வீடுகளில், "எந்த ஊர், நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஜாதியைத்தான் கேட்கிறார்கள். மதத்தைக் கேட்டுக் கதவை மூடுகிறவர்களும் உண்டு. எனக்கு நடந்திருக்கிறது. அன்று ராத்திரி, என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துப் படுத்தேன். நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள். தவறு அவர்களுடையது.

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. என் போன் நம்பரை உங்கள் துறைத்தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் தங்க இடமில்லாதவர்கள் பஸ் ஏறும் முன் கூப்பிடுங்கள், கிளாம்பாக்கத்துக்கு நானே வருகிறேன்.