பயம் நுழைவது காது வழியாகத்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும், பட்டிமன்றம் முடிந்து ராத்திரி தனியாக வீடு திரும்ப வேண்டிய சபையோருக்கும் வணக்கம்.

'பார்த்தவர்களை நடுநடுங்க வைத்த திகில் படங்கள் பெரிதும் மிரட்டியது கண்ணையா, காதையா?' இதுதான் தலைப்பு. கண்ணைத்தான் என்று எதிரணித் தலைவி அடித்துப் பேசிவிட்டுப் போனார். 'சைக்கோ' குளியலறைக் கொலை, 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த சிறுமியின் தலை திரும்பும் காட்சி, 'ரிங்கு' என்ற ஜப்பானியப் படத்தில் டிவிக்குள்ளிருந்து ஊர்ந்து வரும் சடாகோ என்ற பேய். அவரைத் தொடர்ந்து வந்த தம்பி, பேசாத படத்திலேயே பேய் மிரட்டியது என்று 'நோஸ்ஃபராட்டு'வை எடுத்துவிட்டார். போதாக்குறைக்கு ஜோதிகாவின் கண்ணையும் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். எல்லாமே நல்ல சாட்சிகள். அதனால்தான் நான் புதிதாக யாரையும் தேடவில்லை. அவர்கள் கூட்டி வந்தவர்களையே கூண்டில் ஏற்றி விசாரித்தால் போதும்.

முதலில் 'சைக்கோ'. 1960-இல் வந்த ஹிட்ச்காக் படம். அந்த ஒரு கொலைக்கு 78 கேமரா அமைப்புகள், படத்தொகுப்பில் 52 வெட்டுகள், ஒரு வாரப் படப்பிடிப்பு என்று தலைவி கணக்கு ஒப்பித்தார். கணக்கு சரிதான். ஆனால் அம்மா, பாதியில் நிறுத்திவிட்டீர்களே! அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படம் முழுக்கவே தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து இசை எழுதியவர், இந்தக் காட்சிக்கும் வயலின்களைக் கிறீச்சிட வைத்து ஒரு துண்டு எழுதி எடுத்துக்கொண்டு போனார். ஹிட்ச்காக் கேட்டார், மனம் மாறினார். இன்றைக்கும் படத்தைப் பார்க்காத பிள்ளைகள்கூட நண்பனைப் பயமுறுத்தக் கையைக் கத்திபோல ஓங்கி 'கிறீச் கிறீச்' என்கிறார்கள். எந்தப் பிள்ளையாவது 52 வெட்டுகளை நடித்துக் காட்டியதுண்டா?

அதோடு முடியவில்லை. கத்தி உடலில் இறங்கும் சத்தம் வேண்டும். ஒரு மேஜை மேல் வகைவகையாக முலாம்பழங்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கத்தியால் குத்திக் காட்டினார்கள். ஹிட்ச்காக் எதிரே உட்கார்ந்திருக்கிறார். எப்படி? கண்ணை மூடிக்கொண்டு! எல்லாப் பழமும் குத்துப்பட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தை: 'கசாபா'. சதை கெட்டியான ஒருவகை முலாம்பழம் அது. நடுவர் அவர்களே, படத்தில் கத்தி சதைக்குள் இறங்குவதை நாம் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். கறுப்பு வெள்ளைப் படம் வேறு. ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. அப்புறம் எது குத்தியது? பழம் குத்தியது. அந்தப் பழத்தை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தார். தலைவியின் முதல் சாட்சி இப்போது என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

'எக்ஸார்சிஸ்ட்' இன்னும் மோசம், எதிரணிக்கு. 1973 படம். திரையில் இருப்பது லிண்டா பிளேர் என்ற சிறுமி. நம் தூக்கத்தைக் கெடுத்த குரலோ மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. ஆஸ்கர் வாங்கிய நடிகை. தொண்டை கரகரக்க வேண்டும் என்பதற்காகப் பச்சை முட்டையை விழுங்கினார், சிகரெட் பிடித்தார், விஸ்கி குடித்தார். கட்டிப்போட்ட பேயின் திணறல் குரலில் வர வேண்டும் என்று தன்னை நாற்காலியோடு கட்டச் சொல்லிப் பேசினார். இத்தனை பாடுபட்டும் முதலில் வெளியான பிரதிகளில் அவர் பெயரே இல்லை. சண்டை போட்டுத்தான் வாங்கினார். கண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை காதுக்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தலை திரும்பும்போது எலும்பு நெரிபடுகிறதே, அது என்ன தெரியுமா? மெக்சிகோவைச் சேர்ந்த ஒலிக் கலைஞர் கொன்சாலோ கவீரா ஒரு பழைய தோல் பர்ஸை, உள்ளே கிரெடிட் கார்டுகளோடு, மைக் பக்கத்தில் வைத்து முறுக்கினார். அவ்வளவுதான். தலையைத் திருப்பியது பொம்மை. நம் கழுத்தைத் தடவிப் பார்க்க வைத்தது பர்ஸ். அந்தப் படம் 10 ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ஒளிப்பதிவுக்குப் பரிந்துரை, படத்தொகுப்புக்குப் பரிந்துரை, கலை இயக்கத்துக்குப் பரிந்துரை. வாங்கியது இரண்டு. ஒன்று திரைக்கதைக்கு. இன்னொன்று எதற்கு என்று நான் சொல்ல வேண்டுமா? ஒலிக்கு! இது நான் கொடுத்த தீர்ப்பு இல்லை, தம்பி. ஹாலிவுட் கொடுத்தது.

இது ஏதோ சினிமாக்காரர்களின் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேனியல் புளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர் இருக்கிறார். தரை அணில் வகையைச் சேர்ந்த மார்மாட் என்ற விலங்கு ஆபத்தில் எப்படிக் கத்துகிறது என்று ஆராய்ந்தவர். உயிர் போகிற பயத்தில் கத்தும்போது குரல் நாண் கட்டுக்கு அடங்காமல் பிசிறடிக்கிறது. 2010-இல் அவரும் சக ஆய்வாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் ஒலியை அலசினார்கள். திகில் படங்களில் அந்த மாதிரிப் பிசிறடிக்கும் அலறல் மற்ற படங்களைவிட அதிகம் என்று கண்டார்கள். ஹெர்மன் மார்மாட்டைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் வயலினில் அதைத்தான் கத்தவிட்டார். குட்டி கத்தினால் தாய்க்கு எந்த இடத்தில் தைக்குமோ, அதே இடத்தில் நமக்கும் தைக்கிறது.

சரி, ஹாலிவுட்டை விடுங்கள். இந்தச் சபையில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் பேய்ப் படம் பார்க்க உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்? 'நீங்க பார்க்கக் கூடாது, உள்ளே போய்ப் படுங்க' என்று நம்மை அடுத்த அறைக்குத் துரத்துவார்கள். கதவைச் சாத்திவிட்டால் குழந்தைகள் தப்பித்தார்கள் என்று நினைப்பு! படம் கூடத்தில் நின்றுவிடும். சத்தம் மட்டும் கதவிடுக்கு வழியாக நம் பாய்க்கு வந்துவிடும். ஒரு கிறீச், ஒரு கொலுசு, திடீரென்று ஒன்றுமே இல்லை. அந்த 'ஒன்றுமே இல்லை' இருக்கிறதே, அதுதான் கொடுமை. கூடத்தில் பார்த்தவர்கள் படம் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினார்கள். பார்க்காத நாம்தான் போர்வைக்குள் வியர்த்துக் கிடந்தோம். 'விடாது கருப்பு' தொடர் வந்த காலத்தில் தெருவில் மாட்டு வண்டி போனாலும் குதிரைக் குளம்படி என்று நடுங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! எதிரணித் தலைவி சிரிக்கிறார். அவரும் அடுத்த அறைக்குப் போனவர்தான் போலிருக்கிறது.

இப்போது தம்பியிடம் வருகிறேன். 'நோஸ்ஃபராட்டு' பேசாத படம், ஆனாலும் பயமுறுத்தியது என்றார். நல்ல அடி; ஒரு நிமிடம் எனக்கே கொஞ்சம் ஆடியது. ஆனால் தம்பி, பேசாத படம் என்றால் சத்தமில்லாத படம் என்று யார் சொன்னது? 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் மண்டபத்தில் அந்தப் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, ஹான்ஸ் எர்ட்மன் அதற்கென்றே எழுதிய இசை கூடவே ஒலித்தது. படத்தின் முழுப் பெயரையும் சொல்லியிருக்கலாம் நீங்கள்: 'நோஸ்ஃபராட்டு, பயங்கரத்தின் சிம்பொனி'. சிம்பொனியைக் கண்ணால் பார்ப்பார்களா?

அடுத்து ஜோதிகாவின் கண். 2005-இல் 'சந்திரமுகி' பார்த்து நானும் அந்த மையிட்ட கண்ணுக்கு மிரண்டவன்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் ரிமோட்டில் சத்தத்தை அணைத்துவிட்டு அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள். வித்யாசாகரின் 'ரா ரா' போய்விடும். சலங்கை போய்விடும். மிஞ்சுவது ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும் ஒரு பெண். அதே படத்தில் குழந்தைகளைக் கட்டிலுக்கடியில் ஒளிய வைத்தது எது? வேட்டையனின் 'லக லக லக'! அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் ஊர்ப் பேய்ப் படங்களின் வழக்கமே இதுதான், நடுவர் அவர்களே. 1966-இல் வந்த 'யார் நீ?' பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். வெள்ளைப் புடவை என்று ஆரம்பிப்பார்கள். வெள்ளைப் புடவை எல்லா வீட்டு மொட்டை மாடிக் கொடியிலும் காய்கிறது, யாராவது அலறினோமா? பி. சுசீலா 'நானே வருவேன்' என்று இழுத்தால்தான் அந்தப் புடவைக்குள் ஆள் வருகிறது. படத்தின் கதையை மறந்தவர்கள்கூட அந்தப் பாட்டை மறக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பயம் வரும் என்பதை விளக்க 'ஜாஸ்' படத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 1975. ஸ்பீல்பெர்க் செய்து வைத்த இயந்திரச் சுறா கடல் தண்ணீர் பட்டதும் மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே ஓட்டினார். ஜான் வில்லியம்ஸ் இரண்டே ஸ்வரத்தைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாராம் ஸ்பீல்பெர்க். அந்த இரண்டு ஸ்வரம்தான் படத்தில் பாதிக்கு மேல் சுறாவாக நீந்தியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. படத்தில் இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை மாட்டிக்கொண்டு கடற்கரையையே அலற விடுவார்கள். அப்போது அந்த இசை வராது. இசை வந்தால் நிஜச் சுறா, வராவிட்டால் பொய் என்று நம் காது தன்னையறியாமல் கற்றுக்கொண்டுவிடும். அப்புறம் ஒரு காட்சியில், போலீஸ் அதிகாரி தண்ணீரில் மீன் துண்டுகளை வாரிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இசை எதுவும் இல்லாமல் சுறா வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். 'பார்த்தீர்களா, இசை இல்லாமலே பயந்தீர்களே' என்று எதிரணி துள்ளும். துள்ளட்டும். காதை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகப் பழக்கி, நம்ப வைத்து, அந்த நம்பிக்கையை உடைத்ததால் வந்த பயம் அது. காதை ஏமாற்றினால்தான் கண் நடுங்கும்.

இந்த வித்தைக்கு மூத்தது 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்'. ராத்திரி, ஆளில்லாத சாலை. ஒரு பெண் நடக்கிறாள். பின்னால், சிறுத்தையாக மாறுவாளோ என்று நாம் சந்தேகிக்கும் இன்னொரு பெண்ணின் குதிகால் செருப்புச் சத்தம். டக், டக், டக். அந்தப் பின்சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. செருப்பு நின்றால் என்ன அர்த்தம்? வருகிறவள் இப்போது நான்கு காலில் வருகிறாளா? நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சிறுத்தை சீறியதுபோல் ஒரு 'உஸ்ஸ்ஸ்'. பார்த்தால் பஸ்! பிரேக் போட்ட பஸ்! தயாரிப்பாளர் வால் லியூட்டன் பெயரால் அந்த உத்தியை இன்றுவரை 'லியூட்டன் பஸ்' என்றே சினிமா உலகில் சொல்கிறார்கள். பேயே இல்லாமல், பேருந்தை வைத்து மிரட்டியிருக்கிறார்கள்.

ஒரு நியாயமான கேள்வி எதிரணியிடம் மிச்சம் இருக்கிறது, அவர்கள் கேட்கும் முன் நானே கேட்டுவிடுகிறேன். காது கேளாதவர்கள் திகில் படம் பார்த்துப் பயப்படுவதில்லையா? பயப்படுகிறார்கள். கண்ணுக்கு வேலையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பெரிதும் மிரட்டியது எது என்பதுதான் கேள்வி. 2018-இல் வந்த 'எ கொயட் பிளேஸ்' படத்தைப் பாருங்கள். சத்தம் கேட்டால் பாய்ந்து கொல்லும் மிருகங்கள். வீட்டு மூத்த மகளுக்குக் காது கேட்காது. நடித்த மில்லிசென்ட் சிமண்ட்ஸும் காது கேளாதவர். கதை அவள் பக்கம் போகும்போதெல்லாம் திரையில் ஒலி வற்றிவிடும். பின்னால் மிருகம் நிற்பது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கும்போது நமக்குக் குலை நடுங்கும். பாப்கார்ன் வாங்கிய ஜனங்கள் கடித்தால் சத்தம் வருமே என்று பயந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாங்கிய காசை நினைத்தால் அது தனி திகில்.

சடாகோ பாக்கி. டிவியிலிருந்து வருகிறாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்போது வருகிறாள்? படம் முடியப் போகும்போது. அதுவரை நம்மை நாற்காலி நுனியில் வைத்திருந்தது என்ன? சாபம் பிடித்த வீடியோ கேசட்டைப் பார்த்து முடித்ததும் ஒலிக்கும் டெலிபோன். 1998-இல் வீட்டுக்கு வீடு அந்த மணி இருந்தது. டிவிக்குள்ளிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். போன் அடிக்காது என்று தேற்றிக்கொள்ள முடியுமா?

கடைசியாக 'பீட்சா'. 2012, கார்த்திக் சுப்புராஜின் முதல் படம். இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இப்போது பொத்திக்கொள்ளுங்கள். கண்ணை இல்லை, காதை! பங்களாவில் டார்ச் வெளிச்சத்தில் விஜய் சேதுபதி மாட்டிக்கொண்டு தவிக்கும் அந்த நீண்ட பகுதியில் தியேட்டரே உறைந்து கிடந்தது. முடிவில் என்ன தெரிந்தது? அங்கே பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலாளியின் வைரத்தை அமுக்கிக்கொண்டு, அவரை நம்ப வைக்க அவன் வாயால் சொன்ன கதை. நாம் பார்த்தோம் என்று நினைத்ததெல்லாம் அந்த முதலாளி காதால் கேட்டது. வைரத்தைப் பறிகொடுத்த அந்த மனிதர் அந்தப் பங்களாவில் ஒரு பேயைக்கூடப் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே. கேட்டே நடுங்கினார். பேய் இல்லாத வீட்டில் பேயை வைக்க ஒரு வாயும் ஒரு காதும்...

மணி அடித்துவிட்டீர்கள். சரி, நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் மணியை நோக்கிக் கை நீட்டியதை எதிரணித் தம்பி நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அப்போது அசையவில்லை. அடித்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. நன்றி, வணக்கம்.