தெரிந்த முகமும் தெரியாத முகமும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்யாண வீட்டில் ஒருவர் முன்னால் வந்து நின்று "என்னைத் தெரியவில்லையா?" என்று கேட்க, கேட்கப்பட்டவர் விழிப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படி விழிப்பவரை, "வசதி வந்ததும் பழைய ஆட்களை மறந்துவிட்டார்" என்று பின்னால் பேசுவது நம் வழக்கம். அந்தப் பழி பலர் விஷயத்தில் அநியாயமானது. பெயர் நினைவுக்கு வராதது வேறு. பழகிய முகமே புது முகமாகத் தெரிவது வேறு. நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. முகத்தை அடையாளம் காணும் திறன், உயரத்தைப் போலவே, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அன்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொதுவான அறிவுத்திறனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு.

1947ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போடாமர், தலையில் காயமடைந்த போர் வீரர்களில் சிலரைப் பற்றி எழுதினார். கண், மூக்கு, வாய் எல்லாம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தன; ஆனால் அது யாருடைய முகம் என்பது தெரியவில்லை. இந்தக் குறைக்கு அவர் புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்தார். மூளையில் அடிபட்டவர்களுக்கு மட்டுமே இது வரும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. அடி எதுவும் படாமலே, சிறுவயது முதல் இப்படி இருப்பவர்கள் 100க்கு 2 பேர் அளவில் இருக்கலாம் என்று பிற்பாடு கணிக்கப்பட்டது. சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் தமக்கு இந்தக் குறை உண்டு என்று தாமே எழுதியிருக்கிறார். இத்தகையோர் குரலையும் நடையையும் தலைமுடியையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்தே ஆளைக் கண்டுகொள்கிறார்கள். அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவர் முடியை வெட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால், அவர்களுக்கு அவர் அந்நியர்தான்.

இதை அளப்பது எளிதாக இருக்கவில்லை. பழைய தேர்வுகளில் காட்டப்பட்ட புகைப்படங்களில் தலைமுடியும் சட்டைக் காலரும் தெரிந்தன. அப்படிப்பட்ட ஒரு தேர்வில் முகப்பகுதியை மட்டும் மறைத்துக் கொடுத்தபோதும், பலர் வழக்கமான மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள் என்று 2003இல் காட்டப்பட்டது. அதாவது, முகத்தைச் சோதிப்பதாகச் சொன்ன தேர்வு முகத்தைச் சோதிக்கவே இல்லை. 2006இல் பிராட் டுஷைனும் கென் நகாயமாவும் உருவாக்கிய கேம்பிரிட்ஜ் முக நினைவுத் தேர்வு இந்தக் குறையைச் சரிசெய்தது. முடி தெரியாத ஆறு ஆண்களின் முகங்களை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று மூன்று முகங்களாகக் காட்டி, பார்த்த முகம் எது என்று கேட்பார்கள். முதலில் அதே படங்கள், அடுத்து வேறு கோணத்திலும் வெளிச்சத்திலும் எடுத்தவை, கடைசியில் புள்ளிகள் தூவிக் கலங்கலாக்கியவை. கேள்விகள் 72. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 24 சரியாகிவிடும். சாதாரணமானவர்கள் சராசரியாக 58 அளவில் எடுக்கிறார்கள். 2010இல் இந்தத் தேர்வை இரட்டையர்களுக்கு வைத்தபோது, ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர்களின் மதிப்பெண்கள் மற்ற இரட்டையர்களுடையதை விட மிக நெருங்கியிருந்தன. இத்திறனில் பெரும்பங்கு பிறவியிலேயே வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, நான் எங்கே போனாலும் சொல்லுகிற ஒரு சோதனைக்கு வருகிறேன். 2011இல் ராப் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரண்டு பெண்களின் படங்களை ஆளுக்கு 20 வீதம் எடுத்து, 40 அட்டைகளையும் ஒன்றாகக் கலந்தார்கள். அந்தப் பெண்களை அறியாத பிரிட்டன் மக்களிடம் அந்தக் கட்டைக் கொடுத்து, "ஒரே ஆளின் படங்களை ஒரே அடுக்காக வையுங்கள்" என்றார்கள். சிரித்த படம், சிரிக்காத படம், முடியை விரித்த படம், வெயிலில் எடுத்த படம் என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர்கள் அடுக்கி முடித்தபோது, மேசையில் ஏழெட்டு அடுக்குகள் இருந்தன. இரண்டு பேர், ஏழெட்டுப் பேராகிவிட்டார்கள். இருவர் படங்களையும் ஒரே அடுக்கில் கலந்த தவறு அரிது. ஒருத்தியையே பலராகப் பிரித்ததுதான் பெருந்தவறு. அதே கட்டை நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது, பெரும்பாலோர் இரண்டே அடுக்காக வைத்துவிட்டார்கள்.

தெரிந்த முகத்தை எந்த வெளிச்சத்திலும் கண்டுகொள்கிறோம். அந்தத் தெம்பில், தெரியாத முகத்தையும் அப்படியே கண்டுகொள்வோம் என்று நம்பிவிடுகிறோம். சாட்சி ஒருவர் அடையாள அணிவகுப்பில் ஒரு கணம் பார்த்த அந்நியரைச் சுட்டிக்காட்டும்போது, நாம் அவரிடம் கேட்பது இந்த இரண்டாவது திறனைத்தான். நான் திரும்பத் திரும்பச் சொல்வது, அது முதல் திறன் அல்ல என்பதைத்தான். பயிற்சியால் இது தீருமா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் கடவுச்சீட்டு அலுவலர்களைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், எதிரே நிற்பவருடையது அல்லாத படத்தை 100க்கு 14 முறை அவர்கள் சரியென்று ஏற்றார்கள். நீண்ட காலம் பணியில் இருந்தவர்கள் புதியவர்களை விடச் சிறப்பாகச் செய்யவில்லை. ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. ஆகவே இத்தகைய பணிக்கு ஆளை எடுக்கும்போதே இத்திறனை அளந்து எடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நேரம் முடிவை நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அளவுகோலின் மறுமுனையில் இருப்பவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. ஒருமுறை பார்த்த முகத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் கண்டுகொள்பவர்கள் இருக்கிறார்கள். 72 கேள்விகள் கொண்ட கேம்பிரிட்ஜ் தேர்வு அவர்களுக்கு மிக எளிதாக இருந்ததால், 2009இல் கேள்விகளை 102 ஆக்கி அளந்தார்கள். லண்டன் காவல்துறை இத்தகையோரைத் தேர்ந்தெடுத்து, கண்காணிப்புக் கேமராப் படங்களில் ஆளைத் தேடப் பயன்படுத்தியிருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு செய்தி. நான் சொன்ன தேர்வில் இருப்பவை வெள்ளையர் முகங்கள். பார்த்து வளர்ந்த மக்களின் முகங்களே எவருக்கும் எளிதில் பிடிபடும் என்பதால், சீன முகங்களைக் கொண்டு அதே அமைப்பில் 2012இல் ஒரு தேர்வு வெளியானது. நம் ஊரில் ஒருவர் வெள்ளையர் முகங்களைக் கொண்ட தேர்வை எழுதிக் குறைந்த மதிப்பெண் பெற்றால், அதை மட்டும் வைத்து அவருக்குக் குறை உண்டு என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பழகியவர்களைக் கண்டுகொள்வதில் அவருக்கு அன்றாடம் சிரமம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.