முகாமில் மாலை ஆறு மணி

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தம்முடைய பணிகளுக்கு இடையே மாலை முழுவதும் நமக்காக ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்தக் கூடத்துக்கு மின்விசிறியும் நாற்காலியும் வாங்கித் தந்த மாமன்ற உறுப்பினர் அவர்களே, பனியன் தொழிற்சங்க நிர்வாகிகளே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மேடையில் இருப்பவர்களை மட்டும் வணங்கிவிட்டு விட்டுவிட முடியாது. மூன்று மணியிலிருந்து பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நூலகப் பணியாளர்களுக்கும், ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பிக்கும், தேநீர் தந்த அம்மாவுக்கும் என் நன்றி.

"போர்க்கால முகாம்களில் வீரர்களின் பொழுதுபோக்கு" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரை எடுத்துக்கொள்கிறேன். இடம், புத்தகம், பாட்டும் நாடகமும், விளையாட்டு என்று நான்கு விஷயங்களைச் சொல்ல எண்ணம். நான்கையும் தாங்கி நிற்கும் பழமொழி ஒன்று உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். இன்று இதை அடிக்கடி சொல்வேன்.

1916-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மெக்சிகோ எல்லையில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. வெயில், புழுதி, காத்திருப்பு, அவ்வளவுதான். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து வரும்படி போர்த்துறை அமைச்சர் நியூட்டன் பேக்கர், ரேமண்ட் ஃபாஸ்டிக் என்ற இளைஞரை அனுப்பினார். ஃபாஸ்டிக் கண்டது இதுதான்: பயிற்சி முடிந்த வீரனுக்குப் போக்கிடம் இல்லை. உட்கார்ந்து கடிதம் எழுத ஒரு மேசை கிடையாது, படிக்க ஒரு தாள் கிடையாது. ஊருக்குள் போனால் திறந்திருந்தவை சாராயக்கடையும் விலைமாதர் தெருவும். மருத்துவமனையில் படுக்கை நிரம்பிய பிறகுதான் மேலதிகாரிகளுக்குக் கவலை வந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதே மாதமே பயிற்சி முகாம் நடவடிக்கைகளுக்கு ஒரு குழு அமைத்து ஃபாஸ்டிக்கையே தலைவராக்கினார்கள். 32 பெரிய பயிற்சி முகாம்கள். ஒவ்வொன்றும் ஒரு நகரம். சாதாரண வீரனுக்கு மாதம் 30 டாலர் சம்பளம். இருபது வயதுப் பையன், வீட்டை விட்டு வந்தவன், சட்டைப்பையில் காசு இருக்கிறது, இரவு உணவு முடிந்து விளக்கணைக்கும் ஊதுகொம்பு ஒலிக்கும் வரை மூன்று, நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தை யார் பிடிப்பது என்பதுதான் கேள்வி. போகாதே, குடிக்காதே என்று தடுப்பது ஒரு வழி. போவதற்கு இன்னோர் இடம் கட்டிக் கொடுப்பது மற்றொரு வழி. முகாமைச் சுற்றி மது விற்பதற்குச் சட்டத்தால் தடை போட்டார்கள், உண்மைதான். ஆனால் கூடவே கட்டடமும் கட்டினார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் மரக்குடில்கள். வாசலில் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம். உள்ளே ஒரு நீளக் கூடம், ஒரு கோடியில் மேடை, பியானோ, கிராமபோன், படம் காட்டும் கருவி. சுவரோரம் கடிதம் எழுதும் மேசைகள், தாளும் உறையும் இலவசம். வெளியிலிருந்து பார்க்க எளிமையாகத் தெரியும். நடத்தியவர்களுக்குத்தான் தொல்லை தெரியும். கிராமபோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-லேயே டெக்கா என்ற கைப்பெட்டி கிராமபோன் லண்டனில் விற்பனைக்கு வந்துவிட்டது. பதுங்குகுழி வரை தூக்கிப் போனார்கள். சாவி கொடுத்தால் பாடும், மின்சாரம் வேண்டாம். ஆனால் எஃகு முள்ளை இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். முள் தீர்ந்துபோய்த் தேய்ந்த முள்ளையே மறுபடி வைத்தால் அது வரிப்பள்ளத்தைச் சுரண்டிவிடும். நாலு நாளில் பாட்டு போய் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே பெட்டி நன்கொடை கொடுப்பவர் முள்ளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பியானோவுக்கு வேறு நோய். பெல்ஜியத்துப் போர்முனையான ஃபிளாண்டர்ஸின் ஈரத்தில் மரம் உப்பிக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் மேலே வராது.

திரைப்படம் அதைவிடக் கஷ்டம். அப்போது பேசாத படம். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று கால் மணி நேரம் ஓடும். கருவி ஒன்றே ஒன்று என்றால் சுருளுக்குச் சுருள் நிறுத்தி மாற்ற வேண்டும். இருட்டில் நூற்றுக்கணக்கான பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் கூச்சல் கிளம்பும். அந்த இடைவெளியில் பாடுவதற்கு ஒரு பாட்டுத் தலைவர் வேண்டும். திரையில் பாட்டு வரிகளைக் கண்ணாடி வில்லையில் காட்டினால் கூடம் முழுவதும் சேர்ந்து பாடும். ஃபாஸ்டிக் குழு முகாம்களுக்குப் பாட்டுத் தலைவர்களையே சம்பளத்துக்கு வைத்தது. இன்னொன்று, அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. அதனால்தான் கருவிக்குத் தீப்பிடிக்காத தனி அறை வேண்டும். கித்தான் கூடாரத்துக்குள் அதை ஓட்டுவது வெடிமருந்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவதற்குச் சமம்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். என் மனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

பாடும் கூடத்தில் படிக்க முடியுமா? முடியாது. பியானோ ஒரு பக்கம், நாற்காலி இழுக்கும் சத்தம் ஒரு பக்கம். அதனால் அமெரிக்க நூலகச் சங்கம் முகாமுக்கு ஒரு தனிக் கட்டடம் கேட்டது. கார்னகி நிறுவனம் முகாம் ஒன்றுக்கு 10,000 டாலர் வீதம் 32 முகாம்களுக்கு 3,20,000 டாலர் கொடுத்தது. பொறுப்பேற்றவர் ஹெர்பர்ட் புட்னம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர். ஊர் ஊராகப் புத்தகம் திரட்டினார்கள். வந்தவற்றில் பெரும்பகுதி கதைப்புத்தகம். அதில் தவறில்லை, களைத்தவனுக்குக் கதை வேண்டும். ஆனால் வீரர்கள் கேட்டது வேறொன்றும் இருந்தது: மோட்டார் இயந்திரம், மின்சாரம், கணக்கு, வரைபடம் படிப்பது, பிரெஞ்சு அரிச்சுவடி. நன்கொடைப் பெட்டியில் இவை வருவதில்லை. வந்தாலும் பத்து வருடம் பழைய பதிப்பு. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. நூலகத்துக்குப் புத்தகம் தானம் செய்யும் பெரியவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இதழ்களின் கதையும் அப்படியே. படித்து முடித்த இதழில் ஒரு சென்ட் அஞ்சல்தலையை ஒட்டித் தபால்காரரிடம் கொடுத்தால் போதும். உறை வேண்டாம், முகவரி வேண்டாம், முகாமுக்குப் போய்ச் சேரும் என்று அஞ்சல் துறை ஏற்பாடு செய்தது. நல்ல மனம்தான். விளைவு? எந்த முகாமுக்கு எது வேண்டும் என்று பார்க்க ஆளில்லாமல், ஒரே இதழின் ஒரே மாதப் பிரதிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. பிரிக்கவே தனி ஆள் தேவைப்பட்டது. சுவர் இருந்தால் மட்டும் போதாது, சித்திரம் எழுதத் தெரிந்த கையும் வேண்டும். அந்தக் கைதான் நூலகர்.

ஒரு கதை சொல்கிறேன். இதற்காகவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பெல்ஜியத்தில் பாப்பரிங்கே என்று ஒரு சிறிய ஊர். போர்முனையான ஈப்பர் நகரத்துக்கு மேற்கே 12 கிலோமீட்டர். முன்வரிசைக்குப் போகும் வீரனும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், உயிரோடு திரும்புகிறவனும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். தெருவெங்கும் மதுக்கடை. அங்கே பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப் பூ வியாபாரி ஒருவரின் பெரிய வீடு காலியாக இருந்தது. ஃபிலிப் கிளேட்டன் என்ற படைப்பாதிரியார், குள்ளமான கனத்த மனிதர், டப்பி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து 1915 டிசம்பரில் திறந்தார். அந்த ஆண்டு ஜூலையில் ஹூஜ் என்ற இடத்தில் கொல்லப்பட்ட கில்பர்ட் டால்பட் என்ற இளம் அதிகாரியின் பெயரை வைத்தார்கள்: டால்பட் இல்லம், ஆங்கிலத்தில் டால்பட் ஹவுஸ், சுருக்கமாக டி.எச். படையில் செய்தி அனுப்பும் சிக்னல்காரர்கள் 'டி' எழுத்தை 'டோக்' என்பார்கள். ஆகவே டோக் எச். கொச்சி வைற்றிலாவில் இந்தப் பெயரில் ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கலாம். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த வீட்டுக்குள் போவோம். கீழ்த்தளத்தில் தேநீர், பியானோ, அரட்டை. மாடியில் நூலகமும் எழுதும் அறையும். உச்சியில், ஹாப் காயவைத்த பரணில், வழிபாட்டு இடம். தச்சர் மேசைதான் பலிபீடம். சத்தம் கீழே, அமைதி மேலே. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் பாருங்கள். பின்னால் தோட்டம். மது கிடையாது. பாதிரியார் அறைக் கதவுக்கு மேல் ஓர் அறிவிப்பு: உள்ளே வருகிறவர்கள் பதவியை வெளியே விட்டு வரவும். பிரிகேடியரும் சிப்பாயும் ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள். இன்னொரு மூலையில் பெயரும் படைப்பிரிவும் எழுதி வைக்க ஓர் இடம். தம்பியைத் தேடும் அண்ணன், ஊர்க்காரனைத் தேடும் ஊர்க்காரன், அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கண்டுகொள்வான்.

சரி, மாடி நூலகத்தில் புத்தகம் எடுக்க என்ன உறுப்பினர் அட்டை? நாளைக்கு உயிரோடு இருப்பானா என்று தெரியாதவனிடம் என்ன முகவரிச் சான்று கேட்பது? கிளேட்டன் ஒரு வழி கண்டார். புத்தகம் வேண்டுமா, உன் தொப்பியைக் கழற்றிக் கொடு! அவ்வளவுதான். ஏன் தொப்பி? தொப்பி இல்லாமல் தெருவில் இறங்கினால் ராணுவக் காவலர் பிடித்துக்கொள்வார். சீருடை ஒழுங்கில்லை என்று தண்டனை. ஆகவே படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்துத் தொப்பியை வாங்காமல் எவனும் வாசலைத் தாண்ட முடியாது. காசு இல்லை, படிவம் இல்லை, கையொப்பம் இல்லை. தலையில் இருப்பதைக் கொடுத்துத் தலைக்குள் ஏற்றிக்கொள்ளலாம். கை தட்டுகிறீர்கள், அந்தக் கைதட்டல் கிளேட்டனுக்குப் போகட்டும்.

நாடகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் டிவிஷன்கள், அதாவது பெரிய படைப்பிரிவுகள், தங்களுக்குள்ளேயே கலைக்குழு அமைத்துக்கொண்டன. பாப்பரிங்கேயில் 6-ஆம் டிவிஷனின் குழு ஆடியது. கனடாவின் 3-ஆம் டிவிஷன் 1917-ல் 'டம்பெல்ஸ்' என்ற குழுவை அமைத்தது; போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஊர் ஊராக ஆடினார்கள். பெண் வேடம் ஆண்களே கட்டினார்கள். நம் ஸ்திரீபார்ட் நடிகர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நம்மவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1914 இறுதியில் இந்தியக் காலாட்படை அதே ஈப்பர் பகுதியில் குளிரில் நின்றது. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். பலருக்கு எழுதத் தெரியாது. ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் மதம் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர்களிடையே அனுமதிக்கப்பட்டார்கள். சிப்பாய் சொல்லச் சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். 1916-ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலராக வந்த முதல் இந்தியர் கே.டி. பால், சேலத்தில் பிறந்த தமிழர். பிற்காலத்தில் கிராமப் பணிக்குப் பெயர் பெற்றவர். அவரைப் பற்றித் தனிக்கூட்டமே போட வேண்டும்.

ஒரு வேதனையையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க முகாம்களில் கறுப்பின வீரர்களுக்கு வெள்ளையர் குடிலில் இடமில்லை. பிரான்சில் இருந்த ஏறத்தாழ 2 லட்சம் கறுப்பின வீரர்களுக்காக நீண்ட காலம் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வின் கறுப்பினப் பெண் ஊழியர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவரான ஆடி ஹன்டன், செயின்ட் நசேர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கிக் களைத்து வந்த வீரர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். நான் சொன்ன பழமொழிச் சுவர் சித்திரம் எழுதுவதற்கான சுவர். பிரித்து வைக்கும் சுவர் அல்ல.

இப்போது நம் ஊர். திருப்பூரும் ஒரு முகாம்தானே! வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், ஒரு அறைக்கு ஆறு பேர், சனிக்கிழமை கையில் சம்பளம். சாதாரண ஷிப்ட் முடிய மாலை ஐந்தரை, ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டரை. அப்போது திறந்திருப்பது எது? டாஸ்மாக் இரவு 10 மணி வரை. நூலகம் பூட்டு. 1916-ல் ஃபாஸ்டிக் எல்லையில் கண்ட காட்சி இதுதான், ஐயா. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-ல் நூலக விதிகளை வகுத்தபோது முதல் விதியாக வைத்தது நூல்கள் பயன்படுத்தவே என்பது. அந்த விதியின் விளக்கத்திலேயே நூலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுகிறார். சுதந்திர இந்தியாவில் முதலாக 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சுவர் இருக்கிறது, சித்திரக்காரரும் இருக்கிறார். கதவைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

விளையாட்டைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். குத்துச்சண்டையும் கைப்பந்தும் முகாமில் எப்படிப் பரவின என்பது பெரிய விஷயம். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், மன்னிக்க வேண்டும்.

மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் மேடையிலேயே இருப்பதால் கோரிக்கையை நேரடியாக வைக்கிறேன். கிளை நூலகம் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு நூலகரும் ஓர் உதவியாளரும் வேண்டும். வாசலுக்கு ஒரு விளக்கு வேண்டும், பெண்கள் பயமில்லாமல் வந்து போக. பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகளுக்கு இந்தி, ஒடியா, வங்காளி நாளிதழ் ஒவ்வொன்று. தையல் இயந்திரம், நிட்டிங், மின்சாரம் பற்றிய நூல்கள் புதிய பதிப்பாக. முகவரிச் சான்று இல்லாதவர்கள் உள்ளேயே அமர்ந்து படிக்க, கம்பெனி அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் புத்தகம் எடுக்கும் வசதி. அந்த அட்டை இல்லாமல் மறுநாள் காலை கம்பெனி வாசலுக்குள் போக முடியாதல்லவா!

மனு வாசலில், இடது பக்க மேசையில் இருக்கிறது. பெயர், வேலை நேரம், எந்த மொழியில் படிப்பீர்கள் என்று மூன்று கட்டம். எட்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக மேசையை ஒன்பதரை வரை எடுக்க மாட்டோம். பேனா நூலில் கட்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.