உடம்பில் பிறந்து, வாயில் தேய்ந்து

நண்பர்களே, வணக்கம்.

இலக்கணம் என்றாலே உடம்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் கொடுத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: கண். 'ஊரின்கண் இருந்தான்' என்றால் ஊரில் இருந்தான். அந்த வேற்றுமைக்குரிய சொற்களை அது அடுக்கும்போது காலும் தலையும் வருகின்றன. நன்னூல் பட்டியலை 28 ஆக்கும்போது வாயும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு சொல்லும் வந்த வழியைப் பற்றி அறிஞர்கள் வாதிடலாம். ஆனால் இத்தனை உறுப்புகளின் பெயர்கள் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து கூடியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் முதுகைக் குறிக்கும் சொல்லே 'பின்னால்' என்றும், வயிற்றைக் குறிக்கும் சொல்லே 'உள்ளே' என்றும் ஆகியிருக்கிறது. இடம் என்பதை மனிதன் தன் உடம்பை வைத்துத்தான் முதலில் அளக்கிறான்.

சரி, உடம்பு கொடுத்த பொருள் அப்படியே நிற்கிறதா? நிற்பதில்லை. 'விடு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றை விட்டான், கையை விட்டான் என்னும்போது விரல்கள் திறக்கின்றன. 'வந்துவிட்டான்' என்னும்போது எந்தக் கை எதை விட்டது? பிடி விட்டால் விட்டதுதான், காரியம் முடிந்தது. அந்த முடிந்துபோன உணர்வு மட்டும் தங்கியது, கை மறைந்துபோனது. பேச்சிலோ சொல்லின் உருவமும் குறைந்து 'வந்துட்டான்' ஆனது. 'கொள்' கதையும் இதுதான். கையில் ஏற்பதைச் சொன்ன வினை 'பார்த்துக்கொள்' என்று வந்து, 'பாத்துக்கோ' என்று சுருங்கிவிட்டது. எந்தப் புலவரும் உட்கார்ந்து இதை முடிவு செய்யவில்லை. சந்தையிலும் வயலிலும் அவசரமாகப் பேசிய கோடிக்கணக்கான வாய்கள் செய்த வேலை இது. இலக்கண ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது இந்த மக்களுக்கும் கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் காலம். முன், பின் இரண்டும் உடம்பின் திசைகள். முகம் இருக்கும் பக்கம் முன், முதுகு இருக்கும் பக்கம் பின். ஆனால் முன்னோர் என்றால் போய்ச் சேர்ந்தவர்கள். 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் இனிமேல்தான். அப்படியானால் போனது நமக்கு முன்னே, வரப்போவது முதுகுக்குப் பின்னே! ஆனால் அதே தமிழில் 'எதிர்காலம்' என்கிறோம். தொல்காப்பியமும் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்றே சொல்கிறது. இது முரண்பாடு இல்லை என்பது என் கருத்து. வரிசையாக நடந்து போகிறவர்களை நினைத்தால் முதலில் போனவர் முன்னோர், தொடர்ந்து வருபவர் பின்னோர். ஓரிடத்தில் நின்றுகொண்டு வழியைப் பார்க்கிறவருக்கோ வருவது எதிரே வருகிறது. இந்த இரண்டு நிலைகளும் ஒரே மொழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

ஆண்டிஸ் மலைத்தொடரில் பேசப்படும் அய்மாரா மொழியில் 'நய்ரா' என்றால் கண், முன்பக்கம், கடந்த காலம் மூன்றும்தான். கண்டது கண்முன் இருக்கிறது, காணாதது முதுகுக்குப் பின் இருக்கிறது. ராஃபேல் நூன்யெஸ், ஈவ் ஸ்வீட்ஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அய்மாரா மக்கள் பேசும்போது கைகள் எங்கே போகின்றன என்று கவனித்து 2006ல் எழுதினார்கள். அய்மாராவையே பெரிதும் பேசிய முதியவர்கள் பழங்காலத்தைச் சொல்லும்போது கையை முன்னே நீட்டினார்கள். ஸ்பானிஷ் சரளமாகப் பேசிய இளையவர்களின் கையோ ஸ்பானிஷ்காரர்களைப் போல எதிர்காலத்துக்குத்தான் முன்னே நீண்டது. உடம்பு மொழியைச் செய்கிறது என்று சொல்லிவந்தோம். இங்கே மொழி உடம்பைத் திருப்பியிருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் அது வாழும் வெயில் ஒன்றில்லை. கோபம் நமக்கும் கொதிக்கிறது, ஆங்கிலேயருக்கும் கொதிக்கிறது. ஆனால் அவர்களுடைய அன்பு வெதுவெதுப்பானது, நமக்கோ மனம் குளிர வேண்டும், கண் குளிர வேண்டும். பொறாமை வந்தால் வயிறு எரிகிறது.

கடைசியாக மூக்கு. 'கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டபோது நாறுவது என்றால் மணப்பது. இன்று அந்தச் சொல்லை யாரும் ரோஜாவுக்குச் சொல்வதில்லை. இப்போதைய பொருள் தப்பு, பழையதுதான் சரி என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அன்றும் இன்றும் பேசுகிறவர்கள் சேர்ந்துதான் பொருளைத் தீர்மானித்தார்கள். ஆனால் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பாசுரத்தை நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களை அதட்டாதீர்கள். அந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, இந்தச் சொல் ஆயிரம் ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.