மெக்சிகோவின் மலிவுக் கார்

அவைக்கு வணக்கம். மெக்சிகோ சிட்டியில் ஒரு காலத்தில் டாக்சி என்றால் வோச்சோதான். நாம் பீட்டில் என்கிறோமே, அதே ஃபோக்ஸ்வாகன். இரண்டே கதவு. ஆள் பின்சீட்டுக்குப் போக வழி வேண்டுமே என்று ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டையே கழற்றிவிடுவார்கள். பயணி ஏறியதும் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்பார். கதவு படாரென்று சாத்திக்கொள்ளும்.

1989-இல் அதிபர் சாலினாஸின் அரசு மலிவுக் கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்தது. வோச்சோ விலை இறங்கியது, விற்பனை ஏறியது. புதிய டாக்சிக்கு நான்கு கதவு கட்டாயம் என்று பிறகு விதி வந்ததும் அதன் சந்தை சுருங்கியது. 2003 ஜூலையில் புவேப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தது.

அந்த இடத்தைப் பிடித்தது நிசான் சூரு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அதே உடல், அதே 1.6 லிட்டர் என்ஜின், 2017 வரை! மலிவின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. அச்சுகளுக்குப் போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டது. எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். (அதற்காகவே திருடர்களுக்கும் சூரு மேல் தனிப்பிரியம்.)

சரி, உடலை மாற்றாமலே ஓட்டினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்? கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடுகிற அமைப்பு லத்தீன் என்கேப். 2013-இல் அது சூருவைச் சோதித்தது. பூஜ்ய நட்சத்திரம், ஏர்பேக் கிடையாது. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் இன்னொரு சோதனை: 2015 மாடல் சூருவையும் 2016 மாடல் வெர்சாவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் மலிவுக் கார்கள். ஒன்று மெக்சிகோக்காரருக்கு, மற்றது அமெரிக்கருக்கு. சூருவில் ஓட்டுநர் இருக்கும் இடமே நசுங்கிப்போனது. வெர்சாவில் ஆள் உட்காரும் கூடு தாங்கியது. அந்தச் சோதனையை ஒட்டியே, 2017 மே மாதத்தோடு சூரு நிற்கும் என்று நிசான் அறிவித்தது.

பாதுகாப்பாகச் செய்யத் தெரியாமல் இல்லை என்பதற்கு அந்த வெர்சாவே சாட்சி. அமெரிக்கச் சட்டம் கேட்டது, கொடுத்தார்கள். மெக்சிகோச் சட்டம் அத்தனை ஆண்டும் கேட்கவில்லை. ஏழை வாங்குகிற வண்டிதானே என்ற நினைப்பு இதில் இல்லவே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இப்போது அரசே களத்தில் இறங்கியிருக்கிறது. ஒலினியா என்ற சிறு மின்கார் திட்டத்தை அதிபர் ஷெயின்பாம் 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார். தேசியப் பாலிடெக்னிக் நிறுவனமும் தேசியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் வடிவமைக்கின்றன. குறித்த விலை 90,000 முதல் 1,50,000 பெசோ. விலையை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த விலைக்குள் உறுதியான கூடும் ஏர்பேக்கும் அடங்குமா? அது தெரிந்த பிறகு கைதட்டுகிறேன். நன்றி.