கூடம் கோணல்தான், ஆனாலும் ஆடினான்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. போனில் பதிவு செய்துகொண்டிருந்த தம்பி பாதியிலேயே கிளம்பிவிட்டதால் மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன். மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரியையும் சேர்த்திருக்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.)

அனைவருக்கும் மாலை வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவரும் இன்றைக்கு முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அன்றைக்குப் பார்த்த அதே பார்வையைப் பார்த்துக்கொண்டிருப்பவருமான சார் அவர்களே, நூலகர் தம்பி அவர்களே, வணக்கம். உறுப்பினர் அம்மா ஏழரைக்கு ஒரு வரவேற்புக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். அம்மா, கொஞ்சம் இருங்கள், உங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு பேச்சும். பொன்னாடைக்கு நன்றி. போன வருஷம் போர்த்தியதும் இதே ஆடைதான் என்று நினைக்கிறேன், அதனால் என்ன, துணி நல்ல துணி.

இன்னொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். நோட்டீசில் அவர் பெயர் இல்லை. அந்த மூலையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மைக்செட் அண்ணன். இன்றைய பேச்சு ஒரு சவுண்டு ஆளைப் பற்றியது என்பதால், நியாயப்படி மாலை அவருக்குத்தான் விழுந்திருக்க வேண்டும்.

மூன்று விஷயம் பேசுவதாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்று, ராக்கெட் விட்ட காலத்தில் மேல்நாட்டுப் பாப் இசைக்கு ஏன் அப்படி ஒரு கிறுக்குப் பிடித்தது. இரண்டு, லண்டனில் இருந்த ஒலிப்பதிவுக்காரர் ஜோ மீக். மூன்று, மெக்சிகோக்கார இசையமைப்பாளர் எஸ்கிவெல். மூன்றையும் பேசிவிடுகிறேன்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' சிரிக்கிறீர்கள், நான் எந்தக் கூட்டத்திலும் இதைத்தான் சொல்வேன் என்று தெரிந்து சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகும் ஆளுக்கு ஆடத் தெரியாது, கூடமும் கோணல், அப்படியும் ஆடினார். பழமொழிக்குள் அடங்காத கேஸ்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1957 அக்டோபர் 4, சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அது பாடவில்லை, பேசவில்லை, பீப் பீப் என்றது, அவ்வளவுதான். ஆனால் வானத்திலிருந்து வந்த சத்தம் இல்லையா, உலகமே வானொலிப் பெட்டியில் காதை வைத்தது. அடுத்த வருஷமே ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்துவிட்டன. காசு போட்டு ஸ்டீரியோ வாங்கியவனுக்கு அதைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் காட்ட வேண்டுமே! இடது பெட்டியில் கிளம்பி வலது பெட்டியில் போய் விழுகிற சத்தம் வேண்டும். விண்வெளி ஆசையும் இந்தப் பெருமையும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் அந்த இசை. அட்டையில் ராக்கெட்டும் சனிக்கிரக வளையமும், உள்ளே தெரமின் என்ற, தொடாமலே காற்றில் கையசைத்து வாசிக்கும் மின்வாத்தியம், எதிரொலி, திருப்பி ஓடவிட்ட டேப். நிறைய குப்பை, கொஞ்சம் மாணிக்கம்.

இப்போது நம் ஆள். ஜோ மீக் 1929இல் இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயரின் நியூவென்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். விமானப்படையில் ரேடார் வேலை, அப்புறம் மின்வாரியத்தில் வேலை, அப்புறம் லண்டன் ஸ்டுடியோக்களில் ஒலிப்பதிவு. ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, நொட்டேஷன் படிக்கத் தெரியாது, பாடினால் சுருதி எங்கோ போகும். மனதில் ஒரு மெட்டு வந்தால், சம்பந்தமே இல்லாத வேறு ஒரு பாட்டின் பின்னணியை ஓடவிட்டு அதன் மேல் தன் மெட்டை முனகிப் பதிவு செய்வார். அந்த முனகலை எடுத்துக்கொண்டு போய், இதில் சுரம் எது, சறுக்கல் எது என்று பிரிக்கும் பாவம் இன்னொருவர் தலையில் விழும்.

1959இல் அவர் 'ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்' என்ற தட்டைச் செய்யத் தொடங்கினார். நிலாவில் யாரெல்லாம் இருப்பார்கள், அவர்களுடைய சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு முழுக் கற்பனை. குளோபாட்கள், சாரூக்கள், டிரிப்காட்கள் என்று அங்கே இருப்பவர்களுக்குப் பெயரும் வைத்துவிட்டார். வாசித்தவர்களுக்கு 'ப்ளூ மென்' என்று பெயர். கருவிகள்? தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு ஊதியது, அரை டம்ளர் தண்ணீரைக் கரண்டியால் தட்டியது, சிகரெட் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் சீப்பை இழுத்தது, கரண்ட் ஒயரை ஷார்ட் ஆக்கியது, சாவி கொடுத்த பொம்மை. இவற்றோடு வழுக்கி வழுக்கிப் போகும் ஹவாய் கிட்டார், ஊரைச் சுற்றி வரும் எதிரொலி.

இதை எப்படிக் கேட்பது? நான் முதல் தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே போனில் கேட்டு, என்னடா இது பொம்மைக் கடை என்று நிறுத்திவிட்டேன். ஒரு வருஷம் கழித்து நண்பர் வீட்டில், இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். முதல் பாட்டில் ஒருவர் பாட, வேகம் கூட்டிய குட்டிக் குரல்கள் அந்த வரியைத் தூரத்திலிருந்து திருப்பிச் சொல்லும். போனில் அது எலிக்குஞ்சுச் சத்தம். அந்த அறையில் கேட்டபோது என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கழுத்தைத் திருப்பினேன். மெட்டுகள் பாலர் பாட்டு மாதிரிதான், நடுவில் இரண்டு மூன்று பாட்டு சவசவ என்று போகும், காவியம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆனால் இடம் தெரிகிறது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. 1960இல் அதில் ஒரு பகுதி மட்டும் சின்னத் தட்டாக வந்தது. முழுசாக வெளிவந்தது 1991இல், அவர் செத்து இருபத்து நாலு வருஷம் கழித்து.

இங்கே வாடகைக்கு மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா, பாதிக் கூட்டம். அப்படியானால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

1960 கடைசியில் மீக் வடக்கு லண்டனில் 304, ஹாலோவே ரோடு என்ற விலாசத்துக்குக் குடி வந்தார். கீழே தோல் பைகள் விற்கும் கடை. கடையை நடத்திய வயலட் ஷென்டன் அம்மாதான் வீட்டுக்காரம்மா. மேலே குறுகலான படிக்கட்டு, சின்னச் சின்ன அறைகள். அங்கேதான் ஸ்டுடியோ. எதிரொலிக்குக் குளியலறை, பாடகரை அங்கே நிறுத்து. வயலின்காரர்களுக்கு இடம் இல்லையா, படிக்கட்டில் நிறுத்து. தரையெல்லாம் ஒயர், டேப் துண்டு. 1964இல் ஹனிகோம்ஸ் என்ற குழு வந்தது, டிரம்ஸ் வாசித்தவர் ஒரு பெண், அந்தக் காலத்துக்கு அதுவே செய்தி. டிரம்ஸ் சத்தம் மீக்குக்குப் போதவில்லை. என்ன செய்தார்? எல்லோரையும் மரப்படிக்கட்டில் ஏற்றித் தாளத்துக்குக் காலால் மிதிக்கச் சொன்னார். கைப்பிடியில் சைக்கிள் ஓட்டுபவர்கள் கால்சட்டையில் மாட்டும் கிளிப்பை வைத்து மைக்குகளைக் கட்டினார். தங், தங், தங், தங்! கீழே கடை. வாடிக்கையாளர் பர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே இந்த மிதி. நம் ஊராக இருந்தால் அன்று மாலையே அட்வான்ஸைத் திருப்பிக் கையில் கொடுத்திருப்பார்கள். அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது, அது வேறு விஷயம். அந்த அம்மா சத்தம் தாங்காதபோதெல்லாம் துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையை இடிப்பாராம். மீக் அடங்குவாரா? ஸ்பீக்கரைத் தூக்கிப் படிக்கட்டுப் பக்கம் வைத்து இன்னும் கூட்டி வைப்பாராம். கீழே கட்டை, மேலே ஸ்பீக்கர். மைக்செட் அண்ணன் சிரிக்கிறார் பாருங்கள், அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது போல.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கோ உண்மையிலேயே கோணல் கூடம், அதையே தாளமாக்கிவிட்டார்.

அந்த மாடியில்தான் 'டெல்ஸ்டார்' என்ற பாட்டு பிறந்தது. 1962 ஜூலை 10, அமெரிக்கா டெல்ஸ்டார் செயற்கைக்கோளை ஏவியது. அட்லாண்டிக்கைத் தாண்டித் தொலைக்காட்சிப் படம் நேரடியாக வந்தது. அதைப் பார்த்த மீக்குக்கு மெட்டு வந்துவிட்டது. டார்னடோஸ் குழு அவசர அவசரமாக வாசித்துவிட்டுக் கிளம்பியதும், ஜெஃப் காடர்ட் என்பவரை வைத்து அதன் மேல் கிளாவியோலின் வாசிக்கவைத்தார். ஆகஸ்டில் தட்டு வெளிவந்தது, இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம், டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் இசைக்குழு இதுதான், பீட்டில்ஸ் அங்கே போய் இறங்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

கிளாவியோலின் என்றேனே, அது பிரான்சில் கண்டுபிடித்த சின்ன மின்கட்டைப் பெட்டி. அதன் குரல் உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நினைக்கிறீர்கள். 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் பாம்பாட்டி மெட்டு, கல்யாண வீட்டில் கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டு நம் ஆட்கள் ஆடும் அந்த மெட்டு, அதில் வருவது மகுடி இல்லை. கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின். லண்டன்காரனுக்கு விண்வெளியைக் காட்டிய அதே பெட்டி, எட்டு வருஷம் முன்பே நமக்குப் பாம்பைக் காட்டிவிட்டது. இதைச் சொன்னால் போதும், நான் வந்த வேலை பாதி முடிந்தது.

மீதி சோகம், வேகமாகச் சொல்கிறேன். டெல்ஸ்டார் மெட்டு தன்னுடையது என்று ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, மீக்குக்கு வரவேண்டிய ராயல்டி நின்றுபோனது. கடன் ஏறியது. தன்பால் ஈர்ப்பு அன்றைய இங்கிலாந்தில் குற்றம், அதற்காக 1963இல் கைதானவர், பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. 1967 பிப்ரவரி 3, வாய்த்தகராறில் வயலட் ஷென்டனைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். துடைப்பக் கட்டைக் கதைக்குச் சிரித்தோம், அந்த அம்மாவின் முடிவு இது. சில வாரத்தில் வழக்கின் தீர்ப்பு மீக்குக்குச் சாதகமாக வந்தது. ஜூலையில் தன்பால் ஈர்ப்பைக் குற்றமாக்கிய சட்டமும் தளர்ந்தது.

அவர் விட்டுப்போனது 1,800க்கு மேற்பட்ட டேப்புகள். தேயிலைப் பெட்டிகளில் அடைத்து வைத்தார்கள். கிளிஃப் கூப்பர் என்ற இளைஞர் 300 பவுண்டுக்கு மொத்தமாக வாங்கி, ஐம்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 2020இல்தான் ஒரு இசைத்தட்டு நிறுவனம் வாங்கி, வெளியிடும் வேலையைத் தொடங்கியது. ஒருவர் பழைய குப்பை என்று போடாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு நமக்குக் காதில் விழுகிறது.

இப்போது உறுப்பினர் அம்மா, விண்ணப்பம். இந்த நூலகத்தின் மாடியில் உடைந்த நாற்காலி போட்டுப் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. அதை ஒரு கேட்கும் அறையாக்கிக் கொடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு கேசட் பிளேயர், ஒரு கணினி, நாலு நாற்காலி. ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் கேசட் கிடக்கிறது தெரியுமா? தாத்தாவின் கோயில் கச்சேரி, பாட்டியின் ஒப்பாரி, துபாயிலிருந்து மாமா பேசி அனுப்பிய கேசட். பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது, டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொண்டுவந்தால் கணினியில் ஏற்றிக் கொடுக்க நான் தயார், சம்பளம் வேண்டாம், டீ போதும். வந்த பதில் என்ன? அறை சின்னது, ஜன்னல் இல்லை, சத்தம் வரும், கரண்ட் பில் ஏறும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஜன்னல் இல்லாததுதான் அம்மா அந்த அறைக்கு அழகு, சத்தம் வெளியே போகாது. குளியலறையில் வைத்து அமெரிக்காவையே பிடித்திருக்கிறார்கள், எங்களுக்கு நாற்காலி அறை போதாதா?

தலைவர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். எஸ்கிவெல்லை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், கணக்கு சார் மன்னிக்கவும், மூன்று என்று சொல்லி இரண்டில் நின்றுவிட்டேன். கையெழுத்து நோட்டு டீ கேன் பக்கத்தில் இருக்கிறது, டீ குடிப்பவர்கள் கையெழுத்துப் போடாமல் போகக்கூடாது.

கடைசியாக, டெல்ஸ்டார் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டுக் கலைவோம். செயற்கைக்கோள் 1963 பிப்ரவரியிலேயே ஊமையாகிவிட்டது. ஏவுவதற்கு முந்தைய நாள் வானத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டின் கதிர்வீச்சு அதைக் கெடுத்துவிட்டது. இன்னும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தொடக்கத்தில் கரகர என்று ஒரு சத்தம் வரும், ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று யாரும் அண்ணனைத் திட்டவேண்டாம். அம்மா, மூன்று நிமிஷம்தான், உட்காருங்கள். அண்ணே, அந்த ஃபேனை மட்டும் நிறுத்திவிட்டுப் போடுங்கள்.